பெற்றோல் நெருக்கடியும் பன்னிரு உருளைக் காரும்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார்க் காரின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அது பருகிய எரிபொருளின் வரலாறு அத்துணைக் கவனம் பெறவில்லை. பெருவலுவும் சொகுசும் ஒருங்கே அமைந்த கார்களைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது வரலாறே கூடுதற் பொருளுடையது எனலாம். செலவைப் பொருட்படுத்தாத ஒருவனுக்கென ஆக்கப்பட்ட பொருள் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது ஏன் என்ற வினாவுக்குச் சந்தை மட்டும் விடை தருவதில்லை. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உருவான ஜாகுவார் எக்ஸ்.ஜே. 12 என்னும் காரின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1968 ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸ்.ஜே. 6, ஜாகுவாரின் தாபகரான சேர் வில்லியம் லயன்சின் இறுதிப் பெரும் படைப்பு. அவர் 1972 மார்ச்சில் ஓய்வுபெற்றார். அவ்வாண்டு ஜூலையில் அதே உடலிற் பன்னிரண்டு உருளைகள் கொண்ட எஞ்சின் பொருத்தப்பட்டு எக்ஸ்.ஜே. 12 அறிமுகமாயிற்று. வோல்ற்றர் ஹசன், ஹரி மண்டி ஆகியோரின் தலைமையில் உருவான அவ்வெஞ்சினின் கொள்ளளவு 5.3 லீற்றர், வலு 250 குதிரைவலுவுக்குச் சற்று மேல், காரின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 மைல். ஒரு கலன் பெற்றோலில் அது ஓடிய தூரமோ 11 அல்லது 12 மைல் மட்டுமே. (இங்கு குறிக்கப்படுவது பிரித்தானியக் கலன், அமெரிக்கக் கலன் இதனிலும் ஆறிலொரு பங்கு சிறியது.) காரின் பின்புறத்தில் இருமருங்கும் ஒவ்வொரு தாங்கி இருந்தது. ஒன்று வற்றியதும் ஓட்டுநர் ஆளியொன்றை அழுத்தி மற்றதற்கு மாறிக்கொள்வார்.

இப்பெரும் பசிக்குக் காரின் பாரம் ஒரு காரணமேயாயினும் முழுக் காரணமன்று. 140 மைல் வேகத்தில் ஓடவல்ல கார் நகரத்தில் 30 மைல் வேகத்தில் ஊரும்போது அதன் வலுவிற் சிறு கூறே பயன்படுகிறது. அவ்வேளை எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழி பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். அவ்வடைப்பினூடாகக் காற்றை உறிஞ்சுவதிலேயே பன்னிரண்டு பிஸ்ரன்களும் தம் உழைப்பின் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன. யானையைக் கட்டித் தீனி போடுதல் என்ற வழக்கு இங்கு நன்கு பொருந்தும்: யானை வேலையற்று நிற்கும்போதும் உண்ணும். இதற்கு மேலாக, இவ்வெஞ்சினின் தலைப்பகுதி அடிப்புறத்தில் தட்டையாக அமைந்திருந்தது. எரிதல், பிஸ்ரனின் மேற்பரப்பிலிருந்த ஆழமற்ற குழியில் நிகழ்ந்தது. உற்பத்திக்கு எளிதான இவ்வமைப்பிற் சுவாலை விரைந்து பரவவில்லை. எனவே பெற்றோல் செறிந்த கலவை வேண்டப்பட்டது.

இக்கார் வெளிவந்து பதினைந்து மாதங்கள் கழிந்த நிலையில், 1973 ஒக்டோபரில், அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் ஒன்றுக்கு 3 டொலரளவில் இருந்த மசகெண்ணெயின் அறிவிக்கப்பட்ட விலை 1974 ஜனவரியில் 11.65 டொலரை எட்டியது. பிரித்தானியாவில் வேக எல்லை 50 மைலாகக் குறைக்கப்பட்டது. பெற்றோற் பங்கீட்டுச் சீட்டுகள் வழங்கப்பட்டன, எனினும் அவற்றைப் பயன்படுத்தும் தேவை எழவில்லை. நிலக்கரித் தொழிலாளரின் போராட்டமும் சேர்ந்துகொள்ள, 1974 இன் தொடக்கத்திற் கைத்தொழில்கள் வாரத்தில் மூன்று நாட்களே இயங்கின. மேற்கு ஜேர்மனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுவதே தடைசெய்யப்பட்டது.

விலையுயர்வு மட்டும் இத்தகைய கார்களை மாற்றியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது. எக்ஸ்.ஜே. 12 ஐ வாங்கவல்லவனுக்குப் பெற்றோற் செலவு இரண்டாம்பட்சமானது. மாற்றத்தைக் கட்டாயமாக்கியது சட்டமேயாகும். 1975 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டம், ஒவ்வொரு உற்பத்தியாளரும் விற்கும் கார்களின் சராசரி எரிபொருட் சிக்கனத்துக்கு அளவு விதித்தது. 1978 ஆம் ஆண்டுக் கார்களுக்கு அமெரிக்கக் கலனுக்கு 18 மைல்; 1985 இல் 27.5 மைல். சராசரி குறையும் ஒவ்வொரு பத்திலொரு மைலுக்கும், விற்ற கார் ஒவ்வொன்றுக்கும் 5 டொலர் தண்டம். 1978 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், அதிகம் பருகும் கார்கள் மீது 1980 ஆம் ஆண்டுக் கார்கள் முதல் தனிவரி விதித்தது. சிறு பாரவண்டி வகைகள் இவ்வரிக்குப் புறம்பாயிருந்தமை பின்னாளிற் பெரும் விளைவுகளைத் தந்தது. அது தனி ஆய்வுக்குரியது.

சட்டம் அளந்தது சராசரியை. இதனை மேர்சிடீஸ் பென்ஸ் நிறுவனம் நன்குணர்ந்தது. நெருக்கடியாற் பிற்போடப்பட்டு 1975 இல் வெளிவந்த அதன் 450 எஸ்.ஈ.எல். 6.9, 286 குதிரைவலுக் கொண்டது. 1980 வரை 7,380 கார்கள் உற்பத்தியாகின. 1978 இல் அதே உடலில் மூன்று லீற்றர், ஐந்து உருளை டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, 300 எஸ்.டி. என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கென அந்நிறுவனம் அனுப்பியது. பெருந்தீனிக்காரனின் கணக்கை அவன் அருகிலேயே நின்ற உண்ணாநோன்பி ஈடுசெய்தான் எனலாம்.

ஜாகுவாரிடம் அத்தகைய டீசல் எஞ்சின் இருக்கவில்லை. அது அடங்கியிருந்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் 1975 இல் அரச உடைமையாயிற்று. ஜாகுவார் என்ற பெயரே நிர்வாக அமைப்பில் மங்கத் தொடங்கியது. அவ்வாண்டு காபுரேற்றர்களுக்குப் பதிலாகப் பெற்றோலை அளந்து செலுத்தும் முறை புகுத்தப்பட்டு, வலுவும் சிக்கனமும் ஓரளவு உயர்ந்தன. ஆயின் 1979 இன் ஈரானியப் புரட்சி இரண்டாவது நெருக்கடியைக் கொணர்ந்தது. 1980 இல் ஜாகுவாரின் உற்பத்தி ஏறத்தாழ 14,000 கார்களாகத் தாழ்ந்தது. எஞ்சினின் எதிர்காலம் மட்டுமன்றி, கொவென்றியில் அதனை நம்பி வாழ்ந்த தொழிலாளரின் பிழைப்பும் ஐயத்துக்குள்ளானது.

இந்நிலையிற் கைகொடுத்தவர் மைக்கல் மே என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர். அவர் வகுத்த தகன அறை இரு மட்டங்கள் கொண்டது. உட்புகு வால்வு ஆழமற்ற பள்ளத்திலும், வெளியேற்று வால்வு தீப்பொறிச் செருகியுடன் ஆழமான அறையிலும் அமைந்தன. பிஸ்ரன் மேலெழும்போது கலவை ஒரு கால்வாய் வழியே அவ்வறைக்குட் சுழன்று புகும். சுழலும் கலவையிற் சுவாலை விரைந்து பரவுவதால், காற்று மிகுந்த கலவையும் தடையின்றி எரிந்தது. எனவே மெதுவாக ஓடும்போது காற்றுவழியை முன்போல் அடைக்கவேண்டியதில்லை. நெருக்கல் விகிதமும் 12.5 இற்கு உயர்த்தப்பட்டது. அக்காலக் கார்களில் இது வியப்புக்குரிய அளவு. 1981 ஜூலையில் இவ்வெஞ்சின் ‘உயர் வினைத்திறன்’ என்பதைக் குறிக்கும் எச்.ஈ. என்ற எழுத்துகளுடன் வெளிவந்தது. கலனுக்கு 15 மைல் அளவிலான ஓட்டம் இப்போது இயல்பாயிற்று. சிறு கார் ஓட்டுபவன் இதைக் கேட்டு நகைக்கக்கூடும்; ஆயின் வலுவிற் குறைவின்றிப் பெற்ற பேறு இது.

எஞ்சின் பிழைத்தது. 1980 இற் பொறுப்பேற்ற ஜோன் ஈகனின் நிர்வாகத்திற் கார்களின் தரமும் உயர்ந்தது. 1984 இல் உற்பத்தி 33,000 ஐத் தாண்டியது. அவ்வாண்டே ஜாகுவார் மீண்டும் தனியார் உடைமையாயிற்று. இம்மீட்சியை முற்றாக ஒரு தகன அறையின் பெயரில் எழுதிவிட முடியாது. ஆயினும் எச்.ஈ. இன்றேல் பன்னிரு உருளை எஞ்சின் அப்பத்தாண்டைக் கடந்திராது என்பது ஏற்கத்தக்க முடிபு.

வேறொரு சட்டம் மேயின் கண்டுபிடிப்பைப் பின்னர் கட்டுப்படுத்தியமை கவனிக்கத்தக்கது. புகையைத் தூய்மையாக்கும் மும்முறை ஊக்கிக்குக் காற்றும் பெற்றோலும் குறித்த ஒரே விகிதத்தில் இருத்தல் வேண்டும். காற்று மிகுந்த கலவைக்கு அங்கு இடமில்லை. சிக்கனத்தைக் கோரிய அரசே தூய காற்றையும் கோரியபோது, மேயின் தகன அறை தன் சிறப்பின் ஒரு பாதியை இழந்தது.

இறுதிப் பன்னிரு உருளை எஞ்சின் 1997 ஏப்ரலில் முடிக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்பிய நான்கு லீற்றர், எட்டு உருளை எஞ்சின் குறைவாகவே பருகியது. ஆயின் அதே ஆண்டில் அவ்வெஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவியொன்றைச் சேர்த்து, மறைந்த பன்னிரு உருளையிலும் கூடிய 370 குதிரைவலுவை ஜாகுவார் பெற்றுக்கொண்டது.