கரிமூட்டம் முதல் கதிர்த்தகடு வரை

அரசு ஊழியர்களிடையே நெடுங்காலம் வழங்கிவந்த மிரட்டல் ஒன்றுண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்." எந்தக் காடு என்று எவரும் விளக்கம் கேட்டதில்லை. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி என்று கேட்பவர் மனம் தானாகவே இராமநாதபுரச் சீமைக்குள் இறங்கிவிடும். மழை பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் ஊர் வெளியேறும். இந்த வறட்சியைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அதே நிலத்தின் மேல் ஆண்டு முழுவதும் கொட்டிக்கொண்டிருந்த வெயிலை ஒரு சொத்தாகக் கருதி எழுதியவர் அரிது. அதைச் சொத்தாக முதலில் கண்டது இலக்கியமன்று, மின்துறை. அந்த வெயிலைக் கம்பிக்குள் செலுத்த வேண்டிய கைகளைப் பற்றியது இக்கட்டுரை.

மின்சாரத்துக்கு முன்பே இந்தச் சீமை வெளியூர்களுக்கு எரிபொருள் அனுப்பிக்கொண்டிருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். சீமைக் கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புழுங்கவிட்டு எடுக்கும் கரிமூட்டத் தொழில் இன்றும் இவ்வட்டாரத்தில் நடைபெறுகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக வழக்காடப்படும் மரமே விளைச்சலற்ற ஆண்டுகளில் கூலியும் அளித்தது. மூட்டைகளில் கட்டப்பட்ட கரி நகரங்களுக்குப் போயிற்று. ஊரில் புகை தங்கிற்று. சக்தியை ஏற்றுமதி செய்துவிட்டுத் தான் இருளில் இருக்கும் இந்த ஏற்பாடு, பின்னர் வரும் கதைக்கு ஒரு முன்னோட்டம் போலவே எனக்குத் தோன்றுகிறது.

மின்சாரம் இப்பக்கம் வந்த வழி நீளமானது. பைகாரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் இயங்கத் தொடங்கின. மலைகளில் பிறந்த மின்சாரம் முதலில் ஆலைகளையும் பெருநகரங்களையும் தேடிச் சென்றது. ஆலையும் ஆறும் அற்ற கிழக்குக் கடற்கரை வரிசையின் கடைசியில் நின்றது. 1931இல் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த பிள்ளைப் பருவத்தைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மகன் கூடுதலாகச் சற்றுநேரம் படிக்கத் தாய் எண்ணெயை மிச்சம் பிடித்த கதை அது. ஊர்ப்புறங்களுக்கு மின்கம்பங்கள் பரவலாகச் சென்றது, 1957 ஜூலையில் சென்னை மாநில மின்வாரியம் அமைந்த பின்னர்தான்.

கம்பம் வந்தால் கம்பத்தில் ஏற ஆளும் வேண்டும். இங்கேதான் ஒரு புதிய தொழில் பிறக்கிறது. தச்சு, கொல்லு, நெசவு போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு வராத, குலப்பெயர் ஒட்டாத தொழில். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கும், பின்னர் பிரிவினையால் இடம்பெயர்ந்தவர்களுக்கும் கைத்தொழில் கற்பிக்க மத்திய அரசு தொடங்கிய பயிற்சிகளே 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமாக உருக்கொண்டன. 1956இல் அந்நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. ஐ.டி.ஐ. என்று ஊரெங்கும் அறியப்பட்ட தொழிற்பயிற்சி நிலையங்கள் இவையே. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு, இரண்டு ஆண்டுப் படிப்பு. வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் படிப்புக்குப் பிந்தைய பயிற்சிக்கு வழிசெய்தது.

சான்றிதழ் ஒன்று போதாது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் பொறுப்பில், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையிலேயே மின்னமைப்பு வேலைகள் நடைபெற வேண்டும் என்று வகுத்தன. தமிழ்நாட்டில் இதற்கென மின் உரிம வாரியம் உண்டு. கம்பியாளர், மேற்பார்வையாளர் எனத் தனித்தனித் தகுதிச் சான்றுகள் அது வழங்குகிறது. 'கம்பியாளர்' என்னும் அரசுத் தமிழ்ச்சொல் எனக்குப் பிடித்தமான ஒன்று. ஆனால் எந்தத் தெருவிலும் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெருவில் அவர் வயர்மேன், மின்வாரியத்தில் இருந்தால் லைன்மேன்.

கடற்கரையில் இவ்வேலைக்குத் தனி இலக்கணம் உண்டு. உப்புக்காற்று பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் மெல்லிய படலமாகப் படியும். பகலில் அது உலர்ந்து கிடக்கையில் தொல்லையில்லை. விடியற்காலைப் பனியில் நனைந்ததும் அந்த உப்பே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். பொறி பறந்து லைன் விழும். இரும்புக் கிராதிகள் துருப்பிடிக்கும், இணைப்புகள் பச்சை பூக்கும். உள்நாட்டில் பல ஆண்டுகள் தாங்கும் ஒரு திருகாணி மண்டபத்திலோ பாம்பனிலோ அத்தனை காலம் தாங்குவதில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும் இச்செய்தி, இங்குள்ள லைன்மேனின் வாழ்நாள் வேலை.

பாம்பன் பாலத்தையே இத்தொழில் வரலாற்றின் ஒரு குறுக்குவெட்டாகப் பார்க்கலாம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுத்தூக்கு, கப்பல் கடக்கும் போதெல்லாம் தொழிலாளர்கள் நெம்புகோல்களைப் பிடித்துச் சுற்றி உயர்த்தியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்தபோதும் அந்த நடுத்தூக்கு தப்பியது. 46 நாளில் பாலத்தைச் சீரமைத்த ஈ. ஸ்ரீதரனின் பெயர் வரலாற்றில் நிலைத்தது; நெம்புகோல் சுற்றியவர்களின் பெயர்கள் இல்லை. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு, மின்மோட்டார்களால் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. தோள்வலிமை இருந்த இடத்தில் இப்போது மின்வினைஞரின் பராமரிப்பு இருக்கிறது.

காற்றையும் வெயிலையும் அளந்து பார்க்கும் வேலை இதற்கிடையே அமைதியாக நடந்துவந்தது. பீர்மேட்டில் பிறந்த இயற்பியலாளர் அன்னா மணி, நாடெங்கும் கதிர்வீச்சையும் காற்றையும் அளக்கும் நிலையங்களை அமைத்து, அவற்றின் பதிவுகளை 1980களின் தொடக்கத்தில் தொகுத்து வெளியிட்டார். இன்று தூய ஆற்றல் என்று பேசுவோரில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவார்கள் என்பது ஐயமே. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மின்வாரியம் 55 கிலோவாட் காற்றாலைகளைச் செயல்விளக்கமாக நிறுவியது. முப்பந்தல் பின்னால் வந்தது. தனுஷ்கோடியின் மணல்மேட்டில் 100 மீட்டர் உயர அளவைக் கோபுரம் எழுந்தது 2013இல். புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டு, அங்கே தங்கிவிட்ட மீனவக் குடிசைகளுக்கு மின்கம்பம் செல்லாதிருந்த நிலத்தில், காற்றின் விலையை மதிப்பிடும் கோபுரம்! சூரியத் தகட்டில் எரியும் சிறுவிளக்குகளே நெடுநாள் அக்குடிசைகளுக்கு வாய்த்த மின்சாரம்.

பிறகு கமுதி. 2012இல் தமிழக அரசு சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. 2015 ஜூலையில் அதானி நிறுவனத்துடன் 648 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. விலை அதிகம் என்று அன்றே எதிர்க்கட்சிகள் குரல் எழுப்பின. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியதைப் பார்க்கையில், அக்குரலை வெறும் கட்சி அரசியல் என்று தள்ளிவிட முடியவில்லை. தகடுகளின் விலை உலகெங்கும் அவ்வளவு விரைவில் சரியும் என்று 2015இல் எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்று சொல்வதும் நியாயமாகாது.

கட்டுமானம் நடந்த வேகம் வியப்புக்குரியது. சுமார் 2,500 ஏக்கர். 25 லட்சம் தகடுகள். 3,80,000 அடித்தளங்கள், 576 இன்வர்ட்டர்கள், 154 மின்மாற்றிகள், ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் கேபிள். எட்டு மாதங்களில், 8,500 பேரைக் கொண்டு எழுப்பப்பட்டு 2016 செப்டம்பர் 21ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது அதுதான் என்று பேசப்பட்டது. கலிஃபோர்னியாவின் டோபாஸ் 550 மெகாவாட்டே. கமுதியின் அந்தப் பட்டம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை, கர்நூலும் பிறவும் முந்திவிட்டன.

இந்த எண்களுள் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும்: 8,500 பேர். எட்டு மாதங்களுக்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தள்ளவும் சாம்பல் அள்ளவும் கொதிகலனைக் கவனிக்கவும் நாள்தோறும் ஆள் வேண்டும். சூரிய நிலையம் அப்படியன்று. நட்டுவிட்டால் வெயில் வேலை செய்யும். கமுதியில் தகடுகளைத் துடைப்பதும்கூடத் தாமே மின்னேற்றிக்கொள்ளும் எந்திரங்கள்தாம். கட்டும்போது வெள்ளமாய் வரும் வேலை, கட்டி முடிந்ததும் கண்மாய் போல வற்றுகிறது. எஞ்சுவது காவலும், பராமரிப்பும், தேர்ந்த சில மின்வினைஞர்களின் இடங்களும். நிலம் விற்றவரின் மகன் அந்தச் சில இடங்களுக்குள் நுழைவதற்கு வேண்டியது ஒரு தகுதிச் சான்றும், அதற்குரிய உண்மையான பயிற்சியும்.

பயிற்சி என்பதை வெறும் காகிதமாக எண்ணிவிடக்கூடாது. வீட்டு வயரிங்கில் தேர்ந்தவருக்கும் சூரிய மின்சாரம் புதிய மொழி. கம்பத்திலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டு மீளும். சுவிட்சைத் திறக்கையில் எழும் பொறி அந்தச் சுழியத்தில் அணைந்துவிட வாய்ப்புண்டு. தகட்டிலிருந்து வரும் நேர்த்திசை மின்சாரத்துக்குச் சுழியம் என்பதே இல்லை. பொறி எழுந்தால் எரிந்துகொண்டே இருக்கும். வரிசையாகக் கோத்த தகடுகளில் அழுத்தம் ஆயிரம் வோல்ட் வரை ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபியூசைப் பிடுங்கிவிட்டால் லைன் செத்துவிட்டது என்னும் பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. வெயில் இருக்கும்வரை தகடு உயிரோடிருக்கும். எடிசனின் நேர்த்திசை மின்சாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோற்றுப்போனதாகப் பள்ளியில் படித்தோம். அது கமுதி பொட்டலில் திரும்பி வந்து நிற்கிறது.

கூரைத்தகடுகள் பெருகப் பெருக இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. தெருவில் மின்தடை செய்துவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி லைனுக்குள் பாய்ந்தால் அவர் கதி என்ன? லைனில் மின்சாரம் இல்லாதபோது இன்வர்ட்டர் தானே நின்றுவிட வேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. அதைச் சரியாகப் பொருத்திச் சோதிக்கும் மாடிமேல் எலக்ட்ரீஷியனின் கையில் கீழே கம்பத்திலிருப்பவரின் உயிர் இருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்திராத இரு தொழிலாளர்களுக்கிடையிலான உறவு இது.

2015இல் மத்திய அரசு 'சூர்யமித்ரா' என்ற பயிற்சியைத் தொடங்கியது. 600 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம், தங்குமிடத்தோடு இலவசம், ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு உகந்தது. ஐந்தாண்டில் 50,000 பேரைப் பயிற்றுவிப்பது இலக்கு. ஐ.டி.ஐ.க்களிலேயே சூரிய மின்தொழில்நுட்பர் என்னும் ஓராண்டுப் பிரிவும் வந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைத்தகடு என்னும் திட்டம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியத்தோடு அறிவிக்கப்பட்டது. ஆள் தேவை உண்மை. ஆயினும் இச்சீமையின் இளைஞர் கணக்கு வேறு. கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் எலக்ட்ரீஷியன் சான்றிதழ் என்றால் அது வளைகுடாவுக்கான பயணச்சீட்டு. ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்குத் தகடு பூட்டுவதைவிடத் துபாயில் குழாய்க்குள் கம்பி இழுப்பது மேல் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளூரில் மதிப்புள்ள வேலை என்பது இன்றும் மின்வாரிய வேலையே. 2019இல் கேங்மேன் பயிற்சிப் பணிக்கு 5,000 இடங்கள் அறிவிக்கப்பட்டன. தகுதி ஐந்தாம் வகுப்பு. பட்டதாரிகளும் கம்பம் ஏறிக் காட்ட வந்து நின்றார்கள்.

கடலுக்கு அப்பால் தலைமன்னார் பக்கமும் இதே காற்றுதான். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. மீனவர்களும் பறவை ஆர்வலர்களும் அங்கே எழுப்பிய கேள்விகள் இக்கரைக்கும் பொருந்தும். தமிழகக் கடற்பரப்பில் 4,000 மெகாவாட் காற்றாலைகளுக்கு 2024இல் கோரப்பட்ட ஏலம் 2025இல் கைவிடப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதன் ஓரத்தில்தான் வலையும் இறால் படகும் ஓடுகின்றன. கடலுக்குள் கோபுரம் வந்தால் அதில் ஏறப் போவது யார் என்பதும், அதன் நிழலில் வலை வீச விடுவார்களா என்பதும் ஒரே வீட்டில் கேட்கப்படும் கேள்விகள்.

தமிழ்ப் புனைவில் உழவர் உண்டு, நெசவாளர் உண்டு, மீனவர் உண்டு. உப்பளத் தொழிலாளருக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' உண்டு. இடுக்கியும் டெஸ்டருமாய்ச் சைக்கிளில் போகும் வயர்மேனை மையமாக வைத்த நாவல் ஒன்று என் வாசிப்பில் தட்டுப்படவில்லை. கமுதியிலிருந்து செங்கப்படைப் பக்கம் போகிறவர்கள் சாலையோரம் பார்க்கலாம்: ஒருபுறம் நீலத் தகடுகள் வெயிலைக் குடித்துக் கிடக்கின்றன, மறுபுறம் கருவேலங்காட்டுக்குள் கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கிறது.