கணவாய் வழியும் சத்திரமும்

நாட்டு வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கோயில்களும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓரிரவு தங்கிவிட்டு மறுநாள் விடியலில் மறந்துவிட்டுச் செல்லும் சத்திரத்துக்கும் வரலாறு உண்டு. மன்னன் எவ்வளவு நிலம் ஆண்டான் என்பதைக் கோட்டை காட்டும். முன்பின் அறியாத வழிப்போக்கனை அந்நாடு எவ்வாறு நடத்தியது என்பதைச் சத்திரம் காட்டும்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அதன் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள்; மேற்கே ஏலமலைச் சரிவுகள். கடல் மட்டத்திற்கு மேல் 4,000 அடியினும் உயர்ந்து நிற்கும் போடிமெட்டுக் கணவாய் வழியே மலையின் ஏலக்காய் கீழே இறங்கியது. சமவெளியின் அரிசியும் உப்பும் மேலே ஏறின. மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்னர், மாட்டின் முதுகிலும் மனிதர் தலையிலுமே சுமைகள் சென்றன. இருட்டிய பின் அம்மலையில் ஏறுவது எளிதன்று. யானையும் குளிரும் மலைக்காய்ச்சலும் வழிமறித்தன. எனவே அடிவாரத்தில் இராத்தங்கி, கோழி கூவும் வேளையில் புறப்படுவதே அறிவுடைமையாயிற்று.

இத்தகைய வழிகளில் நம் முன்னோர் பலவகை வசதிகளைச் செய்து வைத்தனர். இரு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கி, பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைக்க உதவிற்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். மாடுகளுக்கும் வண்டிகளுக்கும் பேட்டை. கூரையின்கீழ்ப் படுக்கச் சாவடி. உணவும் உறையுளும் ஒருங்கே பெறச் சத்திரம். சத்திரத்துக்கென விடப்பட்ட மானிய நிலத்தின் விளைவே அதன் அடுப்பை எரியச் செய்தது.

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர் எனப் போற்றப்படுகிறார். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே இன்றும் அவர் பெயரால் சத்திரம் விளங்குகிறது. தஞ்சையின் இரண்டாம் சரபோசி மன்னர், 1801-ஆம் ஆண்டு கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில், இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள தம் முன்னோரின் சத்திரங்களைப் பற்றி விரிவாகக் கூறுகிறார். எல்லாச் சாதியாருக்கும் அங்கே உணவு உண்டு. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கூவி அழைப்பர். நோயுற்றவருக்கு மருத்துவமும் உண்டு என்கிறார். தம் அரசு பறிபோகினும் இவ்வறம் நிலைக்கவேண்டும் என்பதே அவர் கவலை.

மலைக் கணவாயில் வழிப்போக்கரைக் காக்கும் அறம் பிறநாட்டார்க்கும் தெரிந்ததே. ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 8,100 அடி உயரத்தில், 11-ஆம் நூற்றாண்டில் தூய பெர்னார்டு நிறுவிய விடுதி இன்றும் வழிப்போக்கரை ஏற்கிறது. அங்கே பனி, இங்கே காடு. அச்சம் வேறு, அறம் ஒன்றே.

ஆயினும், மாணவ நண்பர்களே, வரலாற்றை முழுமையாக நோக்குவோர் நிழற்பக்கத்தையும் காணவேண்டும். சரபோசியின் கடிதம் கூறும் பரந்த நோக்கு எங்கணும் நிலவவில்லை. பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது. ஒடுக்கப்பட்டோர்க்குத் திண்ணையும் மறுக்கப்பட்டது. ஏலச்சுமையைத் தூக்கி வந்த தோள், கதவுக்கு வெளியே படுக்க நேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த பயணியர் மாளிகைகளோ பெரும்பாலும் அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்குமே பயன்பட்டன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதனை மீறுவோரைத் தண்டிக்க வழி செய்து, சத்திரங்களையும் தன் எல்லைக்குள் கொணர்ந்தது. மங்கம்மாளின் காலத்திற்கு இருநூற்றைம்பது ஆண்டுகட்குப் பின்னரே சத்திரக் கதவு சட்டப்படி அனைவர்க்கும் திறந்தது.

இதற்கிடையில் வழியே மாறிவிட்டது. மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் முகட்டிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. 2010-இன் இறுதியில் நின்ற அப்பாதை, அகலப் பாதையாகி 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு நாள் நடை இரண்டொரு மணி நேரப் பயணமாகச் சுருங்கிற்று. சத்திரத்தின் தேவையும் சுருங்கிற்று.

ஆனால் மலையேறுவோர் குறையவில்லை. ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் நாள்தோறும் விடியற்காலையில் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மேலே செல்கின்றனர், அந்திப்பொழுதில் இறங்குகின்றனர். அவர்கள் இராத்தங்குவதில்லை. எனினும் பாதுகாப்பான வண்டியும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், குடிநீரும் அவர்களுக்கும் வேண்டுவனவே. சுமைதாங்கி நட்டவர்களும் நள்ளிரவு மணியடித்தவர்களும் தம் காலத்து வழிப்போக்கனின் தேவையை அறிந்து செய்தனர். நம் காலத்து வழிப்போக்கர் யார், அவர்க்கு வேண்டுவது யாது என்று அறிந்து செய்வதே அவ்வறத்தின் தொடர்ச்சியாகும்.