குழல் நீளத்தின் கணக்கு: வார்மின்ட் ரைஃபிள்களின் கதை

துப்பாக்கி என்றதும் பலருக்குப் போலீஸும் ராணுவமும் சினிமாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்கக் கிராமத்து விவசாயிக்கு அது மண்வெட்டி, கடப்பாரை வரிசையில் வரும் ஒரு பண்ணைக் கருவி. எந்த வேலைக்கு எந்தக் கருவி என்ற கேள்வி வந்தவுடன் அதில் வரவு செலவுக் கணக்கும் வந்துவிடுகிறது. சிறு காலிபர் 'வார்மின்ட் ரைஃபிள்' அப்படி ஒரு கணக்கில் பிறந்ததுதான்.

'வார்மின்ட்' என்பது 'வெர்மின்' என்ற ஆங்கிலச் சொல்லின் கிராமத்துத் திரிபு. பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கும் சிறு விலங்குகளுக்கு அங்குள்ள குடியானவர்கள் வைத்த பொதுப்பெயர். கிழக்கு மாநிலங்களில் பெரிய பெருச்சாளி போன்ற வுட்சக். மேற்குப் புல்வெளிகளில் பிரெய்ரி நாய். (பெயரில்தான் நாய், உண்மையில் வளை தோண்டி வாழும் அணில் இனம்!) உழவுக்குக் குதிரைகளை நம்பியிருந்த காலத்தில் வுட்சக் தோண்டிய ஒரு குழியில் கால் இடறி விழுந்தால் குதிரையின் கால் எலும்பு முறிந்துவிடும். குதிரை போனால் அந்த வருடச் சாகுபடியும் போச்சு.

என்ன சிக்கல்?

வுட்சக் 200 கஜத்துக்கு அப்பால் வளை வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். மலிவான .22 ரிம்ஃபயர் தோட்டா 100 கஜத்தைத் தாண்டினால் சரிந்து விழத் தொடங்கிவிடும். மான் வேட்டை ரைஃபிளோ தூரம் போகும். ஆனால் அதன் கனமான குண்டு தரையில் பட்டுத் தெறித்துப் பக்கத்துப் பண்ணையின் மாட்டையோ மனிதனையோ பதம் பார்த்துவிடலாம். ஆக, தேவைப்பட்டது மெல்லிய உறை கொண்ட, மிக வேகமான, தரையில் பட்டதும் தூள் தூளாகிவிடும் சின்னக் குண்டு. அதற்கேற்ற ரைஃபிளில் எழுந்த பெரிய கேள்வி: குழல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

1930: குளவி வந்தது

1920களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவ ஆயுதத் தொழிற்சாலையில் டவுன்சென்ட் வீலன், கிராஸ்வெனர் வாட்கின்ஸ் போன்ற ஆர்வலர்கள் 1885ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய வின்செஸ்டர் .22 தோட்டாவை எடுத்து, புதுவகை மருந்தும் வேகமான குண்டும் சேர்த்துப் பரிசோதித்தார்கள். அதுதான் .22 ஹார்னெட். ஹார்னெட் என்றால் குளவி. 1930இல் வின்செஸ்டர் நிறுவனம் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அதைச் சுடுவதற்குத் தொழிற்சாலையில் தயாரான ரைஃபிள் ஒன்றுகூடச் சந்தையில் இல்லை! ராணுவத்தின் எம்1922 பயிற்சி ரைஃபிளின் தோட்டா அறையைக் கடைந்து பெரிதாக்கித்தான் ஆர்வலர்கள் சுட்டார்கள். அதன் குழல் நீளம் 24 அங்குலம்.

ஹார்னெட்டுக்குத் தேவைப்படும் மருந்து சுமார் 11 கிரெய்ன்தான். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். அதாவது ஒரு பவுண்டு மருந்தில் 600க்கும் மேற்பட்ட தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம். 1929இல் தொடங்கிய பெருமந்தத்தின் நடுவே இது சாதாரண விஷயமல்ல.

இவ்வளவு கொஞ்சம் மருந்துக்கு 24 அங்குலக் குழல் எதற்கு? வேகத்துக்காக அல்ல, கண்ணுக்காக. தொலைநோக்கி பொருத்தாத ரைஃபிளில் முன்குறியும் பின்குறியும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு குறி பார்க்கும் பிழை குறையும். தொலைநோக்கி பரவலானதும் நீளக் குழலுக்கு இருந்த இந்தக் காரணம் காணாமல் போனது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

1935: வேகத்தின் விலை

1935இல் வின்செஸ்டர் .220 ஸ்விஃப்ட் தோட்டாவை வெளியிட்டது. 48 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 4,110 அடி வேகம். தொழிற்சாலைத் தோட்டா ஒன்று 4,000 அடியைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதற்காக வின்செஸ்டர் மற்ற தோட்டாக்களுக்குத் தந்த வழக்கமான 24 அங்குலத்தை விட்டு 26 அங்குலக் குழல் கொடுத்தது.

ஏன் அந்தக் கூடுதல் 2 அங்குலம்? ஸ்டார்ட் ஆகாத அம்பாசிடர் காரை நாலு பேர் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். தள்ளும் தூரம் கூடக் கூட வேகம் கூடும். ஆனால் தள்ளுபவர்களும் களைத்துக்கொண்டே வருவார்கள். குழலுக்குள் குண்டைத் தள்ளுவது எரியும் மருந்தின் வாயு. குண்டு முன்னே போகப் போக வாயுவுக்கு இடம் அதிகமாகி அழுத்தம் இறங்குகிறது. 11 கிரெய்ன் மருந்து சீக்கிரம் களைத்துவிடும். ஸ்விஃப்ட்டில் ஏறத்தாழ 38 கிரெய்ன். அதற்கு ஓட நீளமான பாதை வேண்டும்.

விலை வேறு இடத்தில் இருந்தது. அவ்வளவு மருந்தின் தீயும் கால் அங்குலத்துக்கும் குறைவான துளை வழியே பீறிட்டுப் போக வேண்டும். குண்டு புறப்படும் இடத்தில், 'தொண்டை' எனப்படும் பகுதியில், எஃகு அரிக்கப்பட்டுத் துல்லியம் கெட்டது. வேகவேகமாகச் சுட்டுக் குழலைச் சூடாக்கியவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். பிற்காலத்து எஃகு நன்றாகவே தாங்கியது. ஆனாலும் 'குழலைத் தின்னும் தோட்டா' என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. 1960களின் நடுவில் வின்செஸ்டர் தன் மாடல் 70 ரைஃபிளில் ஸ்விஃப்ட்டை நிறுத்தி, .225 என்ற புதிய தோட்டாவைக் கொண்டுவந்தது. அதுவும் எடுபடவில்லை. 1973இல் ரூகர் நிறுவனம்தான் ஸ்விஃப்ட்டுக்கு மறுவாழ்வு தந்தது.

ஒவ்வொரு அங்குலமும் என்ன தருகிறது?

பொருளாதாரப் பாடத்தில் வரும் 'குறைந்து செல் விளைவு விதி' இங்கே அப்படியே பொருந்துகிறது. சாதாரண .22 ரிம்ஃபயரில் 16 முதல் 18 அங்குலத்துக்கு மேல் குழலை நீட்டினால் வேகம் கூடுவதில்லை. .223 போன்ற நடுத்தரத் தோட்டாவில் 20 அங்குலத்துக்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வினாடிக்கு 20 முதல் 30 அடி கிடைக்கும். ஸ்விஃப்ட் போன்ற பெருந்தீனிக்காரர்களுக்கு இதைவிட அதிகம்.

இனி செலவுப் பக்கம். குழல் என்பது ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கம்பி. அதே கனத்தில் நீளத்தைக் கூட்டினால் அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 20 அங்குலக் குழலைவிட 26 அங்குலக் குழல் இரண்டு மடங்குக்கும் மேல் எளிதாக வளையும். சுடும்போது குழல் அதிர்வதால் இது துல்லியத்தைத் தொடுகிறது. சரி, குழலைத் தடிமனாக்கலாமே? செய்தார்கள். அதுதான் கனத்த 'வார்மின்ட் குழல்'. ஆனால் எடை கூடியது. வேலி தாண்டி நடப்பவன் ரைஃபிள், ஓரிடத்தில் படுத்துச் சுடுபவன் ரைஃபிள் என்று இரண்டு கிளைகள் பிரிந்தது இதனால்தான்.

1950: நடுவழி

1950இல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் .222 ரெமிங்டன் தோட்டாவை வடிவமைத்தார். பழைய தோட்டா எதையும் மாற்றியமைக்காமல் புதிதாக வரையப்பட்டது. 50 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 3,200 அடி. ஸ்விஃப்ட்டை ஒப்பிட்டால் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவு. மருந்திலோ ஏறத்தாழ பாதி மிச்சம்! குழல் நீண்ட நாள் உழைத்தது, சத்தமும் குறைவு. வாக்கரே மேசையில் தாங்கி வைத்துச் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டிகளில் பங்கேற்றவர். அந்தப் போட்டிகளில் .222 வெகுகாலம் கொடிகட்டிப் பறந்தது. 1970களின் நடுவில் பி.பி.சி. தோட்டா வந்துதான் அதை இறக்கியது.

வேகப் பிரியர்கள் சும்மா இருக்கவில்லை. .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை .22க்கு ஒடுக்கிய வடிவம் ஒன்று 1930களிலிருந்தே பட்டறைகளில் உருவாகி வந்தது. ஜே.ஈ. கெபி என்ற துப்பாக்கிக் கம்மியர் 'வார்மின்ட்டர்' என்ற பெயரைத் தனக்கென்று பதிவு செய்துகொண்டார். மற்றக் கம்மியர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாமல் .22-250 என்று எண்ணால் அழைத்தார்கள். கடைசியில் நிலைத்தது எண்தான்! 1965இல் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது. வேகத்தில் ஸ்விஃப்ட்டுக்கு மிக அருகில் வந்தது, ஆனால் அதன் கெட்ட பெயர் இதற்கு இல்லை.

ராணுவமும் சட்டமும்

.222இன் கூட்டைச் சற்று நீட்டி ராணுவத்துக்காக உருவாக்கியதே .223. 1964இல் பொதுச் சந்தைக்கு வந்தது. ராணுவம் கோடிக்கணக்கில் வாங்கியதால் தோட்டாவும் காலிக் கூடுகளும் மலிந்தன. துல்லியத்தில் எந்தக் குறையும் இல்லாத .222ஐ இந்த விலை வித்தியாசமே மெல்ல ஓரங்கட்டியது.

ராணுவத்தின் எம்16 ரைஃபிளுக்கு 20 அங்குலக் குழல். வியட்நாம் போரில் அதை 10 அங்குலத்துக்கு வெட்டிப் பார்த்தார்கள். மருந்து எரிந்து முடியும் முன்பே குண்டு வெளியேறியதால் சத்தமும் தீச்சுவாலையும் தாங்க முடியாமல் போய், 11.5 அங்குலமாக நீட்டினார்கள்.

குறைந்தபட்ச நீளத்தைச் சட்டம் முடிவு செய்தது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் 18 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் குழலுக்குப் பதிவும் 200 டாலர் வரியும் விதித்தது. 1960இல் எல்லை 16 அங்குலமாக இறங்கியது. பிற்காலத்தில் குழல் முனையில் சத்தக் குறைப்பான் மாட்டும் வழக்கம் பரவியதும், மொத்த நீளத்தைக் கட்டுப்படுத்த 16 முதல் 20 அங்குலக் குழல்களுக்கு மவுசு கூடியது.

அப்படியானால் எது சரி?

வரலாறு தரும் விடை எளிது: முதலில் தோட்டா, பிறகு குழல். ஹார்னெட்டுக்கு 20 அங்குலமே தாராளம். .222, .223 தோட்டாக்களுக்கு நடந்து திரிந்தால் 20 முதல் 22, ஓரிடத்தில் படுத்தால் 24. .22-250, ஸ்விஃப்ட் இரண்டுக்கும் 24 முதல் 26. இதற்குக் குறைத்தால், அதிக மருந்துக்குக் காசு கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்கியதாகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. .223இல் 4 அங்குலம் குறைத்தால் போவது வினாடிக்கு 100 அடி அளவுதான். 300 கஜத்தில் குண்டு அதனால் கூடுதலாக இறங்குவது ஒரு அங்குலத்துக்குள். ஆனால் மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அதே தூரத்தில் குண்டை ஓர் அடி அளவுக்குத் தள்ளிவிடும். பிரெய்ரி நாயின் உடல் அகலமோ ஒரு கையளவு. அங்குலத்துக்காகச் சண்டை போட்டவன் காற்றைப் படிக்கக் கற்கவில்லை என்றால், அந்த விலங்கு அடிபட்ட காயத்தோடு வளைக்குள் ஊர்ந்து போய்ச் சாகும்.

'வார்மின்ட்' என்ற சொல்லும் ஒரு விலங்கின் குணத்தைச் சொல்வதில்லை. விவசாயியின் நஷ்டத்தைத்தான் சொல்கிறது. நஷ்டக் கணக்கில் விடுபட்டவையும் உண்டு. பிரெய்ரி நாயையே உண்டு வாழும் கருங்கால் ஃபெர்ரெட் (கீரி போன்ற உருவம்) 1979இல் அழிந்துபோனதாகக் கருதப்பட்டது. விஷம் வைத்ததும், நிலம் உழப்பட்டதும், பிளேக் நோயும் பிரெய்ரி நாய்களை அழித்ததே முக்கியக் காரணம். துப்பாக்கியின் பங்கு அவற்றைவிடச் சிறியது. 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெர்ரெட் ஒன்றைக் கவ்வி வந்தபோதுதான் அந்த இனம் இன்னும் மிச்சமிருப்பது தெரிந்தது. அங்கே எஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்துத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள்.

எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம், எவ்வளவு மருந்து என்பதற்கெல்லாம் இந்த நூறாண்டு வரலாற்றில் விடை கிடைத்துவிட்டது. எதைச் சுடுவது, எங்கே நிறுத்துவது என்ற கணக்கை மட்டும் ரைஃபிளைத் தூக்கும் ஒவ்வொருவரும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.