இழந்த சொல்லை மீட்டல்

மனிதனை ஏனைய உயிர்களினின்றும் வேறுபடுத்துவது மொழியே என்பர் அறிஞர். அம்மொழியை ஒருவன் ஓரிரவில் இழந்துவிடின், அவன் அறிவையும் இழந்தவனாவானோ? பாரிசவாதத்தால் நாவடங்கிய முதியவரைச் சூழ்ந்திருப்போர், அவருக்கு இனி ஒன்றும் விளங்காது எனத் துணிந்து, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பிறரோடு உரையாடுதல் எங்கும் காணப்படுவதே. அத்துணிபு ஆராயாது கொள்ளத்தக்கதன்று என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1755ஆம் ஆண்டில் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் யோன்சன், 1783ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள் அதிகாலையில் விழித்தபோது பேச்சற்றவராயினார். அகராதி கண்ட பெரியாருக்கு ஒரு சொல்லும் வாயினின்று எழவில்லை. தம் அறிவு பிறழவில்லையா என்பதைச் சோதித்தறிய அவர் இலத்தீன் செய்யுளில் ஒரு பிரார்த்தனையை மனத்துள் இயற்றினார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை. ஆயினும் அது சிறப்பற்றது என்பதை உணரத் தமக்கு இயன்றமையால், அறிவு குன்றவில்லை எனத் தெளிந்தார். பின்னர் அயலவருக்கும் வைத்தியர்களுக்கும் கடிதம் எழுதி உதவி வேண்டினார். அவர் பேச்சுச் சில நாட்களுள் மீளத் தொடங்கியது.

இந்நோயின் இருப்பிடத்தைக் காட்டியவர் பிரான்சிய வைத்தியர் போல் புரோக்கா ஆவார். பாரிசு நகரின் அருகிலுள்ள பிசேத்தர் வைத்தியசாலையில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர், 'டான்' என்னும் ஓரசையன்றி வேறெதனையும் சொல்ல மாட்டாதவராயிருந்தார். எனினும் பிறர் கூறுவதைப் பெரிதும் விளங்கிக்கொண்டார். 1861இல் அவர் இறந்தபின் புரோக்கா ஆராய்ந்தபோது, மூளையின் இடப்பாதியின் முற்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். 1874இல் செருமானிய அறிஞர் வேர்ணிக்கே, சொற்கள் தடையின்றி எழினும் பொருள் விளங்காதொழியும் பிறிதொரு வகையை விளக்கினார். ஆகவே பேச்சிழப்பு ஒரு தன்மைத்தன்று. எது இழக்கப்பட்டது, எது எஞ்சியுள்ளது என ஆராய்ந்தே சிகிச்சை தொடங்கப்படல் வேண்டும்.

இழந்த மொழி மீளுங்கால் எம்மொழி முந்தும்? திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தில் இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை, அங்குப் பணியாற்றியோர் அலுவலகத்தில் ஆங்கிலத்தையும் இல்லத்தில் தாய்மொழியையும் வழங்கினர். தமிழும் சிங்களமும் அருகருகே ஒலிக்கும் ஊர் அது. முதலிற் கற்ற மொழியே முதலில் மீளும் என்னும் கருத்தை 1881இல் ரிபோ வெளியிட்டார். நோயாளி அன்றாடம் மிகுதியாக வழங்கிய மொழியே முந்தும் என்றார் 1895இல் பித்திரே. பிற்கால ஆராய்ச்சி இவ்விரண்டும் மாறா விதிகள் அல்ல என்றும், பலருக்கு மொழிகள் ஒருங்கே மீள்கின்றன என்றும் காட்டியுள்ளது. ஆதலின் நோயாளி எம்மொழிகளில் வாழ்ந்தார் என்பதைக் குடும்பத்தார் வைத்தியருக்கு அறிவித்தல் இன்றியமையாதது.

பேச வாராதார் சிலருக்குப் பாட வருதல் மற்றொரு வியப்பாகும். 18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடன் நாட்டு ஒலோவ் தாலின், பேச்சிழந்த ஒருவர் தாமறிந்த பக்திப் பாடல்களைப் பாடியதைப் பதிவுசெய்தார். 1973இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர அறிஞர்கள் இசைவழிப் பேச்சுச் சிகிச்சை முறையொன்றை வெளியிட்டனர். சம்பந்தர் பதிகம் பெற்ற கோணமலையின் அடிவாரத்தில், இளமையில் தேவாரம் மனனஞ்செய்த முதியவர் ஒருவருக்கு அப்பாடலே முதற்படியாக அமைதலுங் கூடும்.

தமிழுலகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு, கண்டியிற் பிறந்து தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன் ஆவார். 1967இல் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தமையால் குரல் மாறியது, மொழி மாறவில்லை. 1984 ஒக்ரோபரில் நோயுற்று வைத்தியசாலையில் இருந்தபோது பாரிசவாதம் தாக்க, பேச்சே தடைப்பட்டது. முன்னையது தொண்டையைப் பற்றியது. பின்னையது மூளையைப் பற்றியது. அமெரிக்காவிற் சிகிச்சை பெற்று 1985 பெப்ரவரியில் திரும்பி, மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார். பேச்சு முன்போல் தெளிவாக மீளவில்லை. எனினும் 1987 திசெம்பரில் மறையும்வரை அப்பதவியில் இருந்தார். முழுமையாக மீளாத பேச்சும் பொதுவாழ்வுக்குத் தடையாகாமை இதனால் அறியப்படும்.

இன்று, குருதிக் கட்டியால் உண்டாகும் பாரிசவாதத்திற்கு, ஏற்புடைய நோயாளிக்கு நாலரை மணித்தியாலத்துள் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கப்படுகின்றது. ஆகவே வாய் கோணுதல், கை சோர்தல், நாக் குழறுதல் ஆகியவற்றைக் கண்டதும் நோயாளியை வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்லல் வேண்டும். அதன்பின் வேண்டப்படுவது பயிற்சி. இலங்கையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுகின்றது. ஆயின் சிகிச்சையாளர் கற்பிக்கும் நேரம் சிறிது. இல்லத்திற் கழியும் நேரமோ பெரிது. சிறு வாக்கியங்களாற் பேசுதல், ஆம் அல்லது இல்லை என விடையிறுக்கத்தக்க வினாக்களைக் கேட்டல், படத்தையும் சைகையையும் துணைக்கொள்ளல், நோயாளி தேடும் சொல்லைத் தாமே முந்திச் சொல்லிவிடாது காத்திருத்தல் ஆகியன குடும்பத்தார் கடமைகளாம்.

யோன்சன் தம் அறிவு நிலைத்திருத்தலைத் தாமே சோதித்தறிந்தார். அவ்வாறு சோதித்தறிந்து கூற இயலாதாருக்காக அச்சோதனையைப் பொறுமையோடு செய்தல் அருகிருப்போர் பொறுப்பாகும். சொல் மீளுதற்குச் சொல்பவன் முயற்சி எத்துணை வேண்டுமோ, அத்துணை வேண்டும் கேட்பவன் பொறுமையும்.