மைசூர்க் கதைகளில் நாய்

மைசூர் நகரின் யாதவகிரிப் பகுதியில் ஒரு வெண்ணிற மாடி வீடு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்ற ஆர். கே. நாராயண் பல்லாண்டுகள் வாழ்ந்த இல்லம் அது. 2016-ஆம் ஆண்டு முதல் நினைவில்லமாக விளங்குகிறது. 1906-இல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் மயிலோடும் குரங்கோடும் விளையாடி வளர்ந்த தமிழர் அவர். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராக இருந்தமையால் அந்நகருக்கு வந்து சேர்ந்தார். பின்னர் அதனையே தம் ஊராக்கிக் கொண்டார். பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற தமிழர் எத்தனையோ பேருக்கு இது பழக்கமான கதைதான். அவருடைய மால்குடி எங்கே இருக்கிறது என்று தேடுவோர் பலர். அந்தத் தேடலை அவர்களுக்கே விட்டுவிடலாம். மால்குடியின் கடைவீதியில் படுத்துக் கிடக்கும் ஒரு நாயைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம்.

நம் இலக்கியத்தில் நாய் புதிதாக வந்த பாத்திரம் அன்று. மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரனைத் தொடர்ந்து சுவர்க்க வாசல் வரை சென்றது ஒரு நாய். மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்று தாழ்த்திக் கொண்டார். பைரவமூர்த்திக்கோ அதுவே வாகனம். ஆயினும் இவ்விடங்களில் எல்லாம் நாய் வேறொன்றைக் குறிக்கவே வருகிறது. தருமத்தைக் குறிக்கிறது, தாழ்மையைக் குறிக்கிறது. நாயை நாயாகவே பார்த்து, அதன் பசியையும் அயர்ச்சியையும் ஒரு மனிதனுடையவற்றைப் போல எண்ணி எழுதும் வழக்கம் நம் நாட்டுப் புனைகதையில் பிந்தி வந்ததே ஆகும்.

1947-இல் லண்டனில் வெளியான நாராயணின் சிறுகதைத் தொகுதியில் 'குருட்டு நாய்' என்னும் கதை இருக்கிறது. பெயரைக் கேட்டதும் கண்ணிழந்த நாயைப் பற்றியது என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. குருடன் நாயின் எசமானன். நாய்க்குக் கண் நன்றாகத் தெரியும். சந்தை வாசலில் இருந்து பிச்சை எடுக்கிறான் ஒரு குருடன். அவனைக் கொண்டுவந்து அமர்த்தி, மாலையில் அழைத்துச் செல்பவள் ஒரு கிழவி. தெருவில் திரியும் நாய் ஒன்று, அவன் இடும் சோற்றுக்காக அவன் பக்கத்தில் ஒதுங்குகிறது. கிழவி இறந்ததும் அவளுடைய வேலை நாயின் கழுத்தில் ஏறுகிறது. ஒரு கயிற்றின் ஒரு முனை நாயின் கழுத்தில். மறு முனை குருடனின் கையில்.

இதுவரை கதை இரக்கத்தின் கதைதான். நட்புக்கும் நன்றிக்கும் நாயை உதாரணம் காட்டும் பழைய வழியிலேயே செல்கிறது. இங்கேதான் நாராயண் மெல்லத் திருப்புகிறார். ஓரிடத்தில் கிடந்த குருடன் இப்போது ஊரெங்கும் நடமாட முடிகிறது; நடமாட நடமாட வருவாய் பெருகுகிறது. வருவாய் பெருகப் பெருக ஆசையும் பெருகுகிறது. நாய் சற்றே நின்றால் தடியால் ஓர் அடி. பழைய தோழர்களைக் கண்டு வாலாட்டினால் ஓர் உதை. குருடன் வட்டிக்குப் பணம் கொடுப்பவனாகிறான். நாயோ எலும்பும் தோலுமாகிறது. ஏழை என்பதனாலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை என்பதை இத்துணை அமைதியாகச் சொன்ன கதைகள் மிகச் சிலவே. தனக்கும் கீழே ஓர் உயிர் அகப்பட்டவுடன் அவனும் ஓர் எசமானன்.

சந்தைக்காரர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. நாடா விற்பவன் ஒருவன் தன் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டிவிடுகிறான். நாய் ஓடிப்போகிறது. குருடன் திக்கற்றுத் தடுமாறுகிறான். அவன் அழிந்தான் என்று கதையை முடித்திருந்தால் அது நீதிக்கதை. நாராயண் அப்படி முடிக்கவில்லை. சில நாள்களுக்குப்பின் அந்த நாய் தானே திரும்பி வந்துவிடுகிறது! இம்முறை கழுத்தில் கயிறு இல்லை, இரும்புச் சங்கிலி.

நாய் ஏன் திரும்பி வந்தது? அதனை ஆசிரியர் விளக்கவில்லை. அன்பு என்று ஒருவர் சொல்லலாம். பசி என்று மற்றொருவர் சொல்லலாம். அடிமைக்கு விடுதலை பழகுவதில்லை என்று மூன்றாமவர் சொல்லலாம். இரண்டு நூற்றாண்டு அந்நிய ஆட்சி முடிந்த ஆண்டில் வெளியான தொகுதியில் இக்கதை இருக்கிறதே என்று நம் கருத்து ஓடுவதுண்டு. ஆனால் அந்தப் பொருளை வலிந்து ஏற்றுவது ஆசிரியருக்குச் செய்யும் உபசாரம் ஆகாது. அவர் கண்டது சந்தை வாசலில் ஒரு நாயை. நாள்தோறும் மைசூர்த் தெருக்களில் நெடுநேரம் நடந்து, நின்று, பேசி, பார்ப்பது அவருடைய வழக்கம். அந்த நடையின் பயன் இது என்று கொள்வதே பொருத்தம்.

'அட்டிலா' என்னும் அவருடைய மற்றொரு கதை நம்மை வாய்விட்டுச் சிரிக்க வைப்பது. திருட்டுப் பயத்தால் ஒரு குடும்பத்தார் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, ஐரோப்பாவை நடுங்க வைத்த ஹூண மன்னனின் பெயரை அதற்குச் சூட்டுகிறார்கள். அதுவோ உலகம் முழுவதையும் நேசிக்கப் பிறந்த பிராணி. வருவோர் போவோர் அனைவரும் அதற்கு உறவினர். ரங்கா என்னும் திருடன் இரவில் வீட்டினுள் புகும்போதும் அது குரைக்கவில்லை. மகிழ்ந்து அவன் பின்னாலேயே போய்விடுகிறது. பின்பு ஒருநாள் தெருவில் வீட்டாரின் கண்ணில் இருவரும் படுகிறார்கள். திருடன் ஓடுகிறான், நாயும் உற்சாகத்தோடு கூட ஓடி அவன் காலில் இடறுகிறது, அவன் விழுகிறான், நகைகள் வெளிப்படுகின்றன. துப்பறியும் நாய் என்று பெயர் பரவுகிறது. தான் அன்பு வைத்தவனைத் தானே பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்பதை அட்டிலா அறியாது. புகழ் என்பது பெரும்பாலும் இவ்வாறே வருகிறது போலும். இவ்விரு கதைகளையும் 1982-இல் வெளிவந்த 'மால்குடி டேஸ்' தொகுப்பிலும் காணலாம். ஒரு புலியையே தன் கதையைச் சொல்ல வைத்த நாவலை அதற்கு அடுத்த ஆண்டு, 1983-இல், அவர் எழுதினார்.

யாதவகிரிக்கு அதிகத் தொலைவில்லாத ஒண்டிக்கொப்பலில் 'உதயரவி' என்னும் வீடு இருக்கிறது. கன்னடப் பெருங்கவிஞர் குவெம்புவின் இல்லம். நாராயண் மகாராஜா கல்லூரியில் படித்து 1930-இல் பட்டம் பெற்றார். 1929-இல் அதே கல்லூரியில் கன்னட ஆசிரியராகச் சேர்ந்தவர் குவெம்பு. ஒரே நகரம், ஒரே கல்லூரி. எனினும் இருவர் நாய்களும் இரு வேறு உலகங்களைச் சேர்ந்தவை. நாராயணின் நாய் கடைவீதியது. குவெம்புவின் நாய் மலைக்காட்டினது.

1967-இல் வெளிவந்த அவருடைய பெருநாவல் 'மலெகளல்லி மதுமகளு', அதாவது மலைகளில் மணமகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தீர்த்தஹள்ளியைச் சுற்றிய மலைநாட்டில் நிகழும் கதை. இவ்வுலகில் எவரும் பெரியவரும் அல்லர், சிறியவரும் அல்லர் என்னும் கருத்தை நூலின் வாயிலிலேயே வைத்துவிட்டார் ஆசிரியர். அச்சொல்லை அவர் மெய்யாகவே காத்தார் என்பதற்குச் சான்று, நாவலின் தொடக்கத்திலேயே வந்துவிடும் குத்தியும் அவன் நாய் ஹுலியனும். குத்தி, தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட ஹொலெயர் குலத்தவன், பண்ணையாள். நாய் எப்போதும் உடன் வருவதால் ஊரார் அவனுக்கு இட்ட பெயர் 'நாயி குத்தி'.

ஹுலி என்றால் புலி. நம் பகரம் பல சொற்களில் கன்னடத்தில் ஹகரமாகிவிடுகிறது. பால் ஹாலு ஆகிறது. பல் ஹல்லு ஆகிறது. அவ்வாறே புலி ஹுலி ஆகிறது. கன்னட நாட்டில் குடியேறிய தமிழர் இரண்டே வாரத்தில் கண்டுகொள்ளும் இலக்கணம் இது. நாய் மட்டும் இரு மொழியிலும் ஏறக்குறைய நாயாகவே நின்றுவிட்டது.

குத்தியின் வாழ்வில் அவனுடையது என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. உழைப்பு எசமானனுடையது, விரும்பிய பெண்ணை மணக்கவும் பிறர் அனுமதி வேண்டும். ஆகவே திம்மியை இரவோடிரவாக அழைத்துக்கொண்டு ஓடுகிறான். ஹுலியனுக்கோ குத்தியைத் தவிர வேறு எசமானன் இல்லை. பண்ணையாள் ஒருவனை முழுமனிதனாக ஏற்றுக்கொண்ட உயிர் ஒன்று உலகில் உண்டு என்றால் அது இந்த நாய்தான். நாவலின் இறுதியில் துங்கை ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது. அக்கரை செல்லும் குத்தியை விட்டுப் பிரிய மாட்டாத ஹுலியன் வெள்ளத்துக்கு இரையாகிறது. மாண்டது நாய் என்று அறிந்தும் வாசகர் கண் கலங்காமல் இருப்பதில்லை.

இங்கே தருமபுத்திரனின் நாய் நினைவுக்கு வருவது இயல்பு. நாயின்றிச் சுவர்க்கம் வேண்டேன் என்று இந்திரனிடமே வாதிட அவனால் முடிந்தது, அவன் அரசன். அந்த நாயும் கடைசியில் தருமதேவதையாக வெளிப்பட்டது. குத்தி வாதாட எந்தத் தேவன் முன்வந்தான்? ஹுலியனும் வேறொன்றாக மாறவில்லை. நாயாக வாழ்ந்து நாயாகவே முடிந்தது. இராமாயணத்தைப் புதுக்காவியமாகப் பாடி ஞானபீடப் பரிசு பெற்ற கவிஞர், அந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாதவர் அல்லர். செய்யாது விட்டதே அவருடைய பெருமை என்று நாம் கருதுகிறோம்.

நாய்க்கு இத்தகைய இடம் தருவது இந்நாட்டு மண்ணுக்கு முன்னமே பழக்கமான ஒன்று. மைசூரை அடுத்த மண்டியா மாவட்டத்தில், மத்தூர் வட்டத்தில், ஆதகூர் என்னும் ஊர் உண்டு. அங்குக் கிடைத்த கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டின் இடையில் பொறிக்கப்பட்டது. 949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான் அல்லவா? அவனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் ஒருவன் இருந்தான். வேண்டியதைக் கேள் என்று மன்னன் சொன்னபோது அவன் கேட்டது ஊரையும் பொன்னையும் அன்று. காளி என்னும் பெயருடைய வேட்டை நாயை. பின்பு பெரும் காட்டுப்பன்றி ஒன்றுடன் பொருத காளி அதனைக் கொன்று தானும் மாண்டது. அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். தமிழர் தோற்ற போரின் செய்தியும் ஒரு நாயின் மரணமும் ஒரே கல்லில் இருக்கின்றன. அக்கல்லைப் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அந்நகரில் வாழும் தமிழர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் குறையொன்றும் வராது.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் இணை இருக்கிறது. காலத்தால் அது இன்னும் முந்தியது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீழ்ந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயரும் பொறித்தார்கள். பெயர் கொடுத்துவிட்டால் அது பாத்திரம் ஆகிவிடுகிறது. நாவலாசிரியர் செய்வதும் அதுதானே! 

குவெம்புவின் மைந்தர் பூர்ணசந்திர தேஜஸ்வி. மைசூரில் கல்வி முடித்து, ஆசிரியப் பணியையும் நகர வாழ்வையும் நாடாமல் மூடிகெரெப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்து வாழ்ந்தவர், 2007-இல் மறைந்தார். அவருடைய 'கர்வாலோ' நாவல் 1980-இல் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பறக்கும் ஓணான் ஒன்றைத் தேடி ஒரு விஞ்ஞானியும் சில கிராமத்தாரும் செல்லும் கதை. கதை சொல்பவரின் நாயும் அதில் ஒரு பாத்திரம். அதற்குப் பெயர் 'கிவி'. கன்னடத்தில் கிவி என்பது நம் செவி. தந்தையின் நாய்க்குப் புலியின் பெயர்; மகனின் நாய்க்குக் காதின் பெயர். ஹுலியனைப் போல அது நம்மை அழ வைப்பதில்லை. எசமானனின் ஏச்சுக்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, தன் போக்கில் புதர்களை மோப்பம் பிடித்துத் திரிகிறது. அத்தனை பேரும் தேடிய ஓணான் மலைவிளிம்பிலிருந்து காற்றில் மிதந்து பள்ளத்தாக்கில் மறைந்துவிடுகிறது; தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.