பாலத்தருகே ஒரு மலிவு விடுதி

சியுதாத் ஹுவாரெஸ் நகரில் நாங்கள் தங்கிய மலிவு விடுதி, அமெரிக்காவுக்குள் நுழையும் சாந்தா ஃபே பாலத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் நதிக்கு அப்பால் எல் பாசோ நகரத்துக் கட்டடங்கள். குளியலறையில் 'சி' என்று பொறித்த குழாயில் குளிர்ந்த நீர் வருமென நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டோம். ஸ்பானிய மொழியில் அது 'கலியென்தே', அதாவது வெந்நீர்!

இந்நகரின் வரலாற்றிலும் ஒரு குளியல் உண்டு. 1848 உடன்படிக்கை ரியோ கிராண்டே நதியை எல்லையாக்கிய பிறகும் இரு கரை மக்களும் பல்லாண்டுகள் எளிதாகவே போய்வந்தனர். 1910இல் தொடங்கிய மெக்சிகப் புரட்சி அகதிகளை வடக்கே தள்ளியது. டைஃபஸ் காய்ச்சலைக் காரணம் காட்டி, 1917 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் பாலம் கடக்கும் எளிய மெக்சிகர்களை ஆடை களைய வைத்து, பேன் ஒழிக்கும் மண்ணெண்ணெய்க் குளியலுக்கு உட்படுத்தினர். வசதியானவர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். பேனும் வர்க்கம் பார்த்தே ஏறும் போலும். முந்தைய ஆண்டுதான் எல் பாசோ சிறையில் கைதிகளைப் பெட்ரோலால் குளிப்பாட்டியபோது தீப்பற்றிப் பலர் மாண்டிருந்தனர். அந்த அச்சம் எல்லோர் மனத்திலும் இருந்தது.

ஜனவரி 28 காலை, எல் பாசோவுக்கு வீட்டுவேலைக்குச் சென்றுகொண்டிருந்த கார்மெலிதா தோரெஸ் என்னும் 17 வயதுப் பெண் குளிக்க மறுத்தாள். டிராமில் உடன் வந்த பெண்களையும் இறங்கச் சொன்னாள். சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். பெண்கள் தண்டவாளத்தில் படுத்து டிராம்களை மறித்தனர். அவள் கைதானாள். கலகம் ஓய்ந்தது. குளியல் மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மறுநாள் விடியுமுன்பே எங்கள் ஜன்னலுக்குக் கீழே, கைப்பையுடன் பெண்கள் பாலத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர். நாங்கள் இம்முறை 'எஃப்' குழாயைத் திறந்தோம்.