அம்மம்மாவுக்கு ஓடாத சப்டைட்டில்

அம்மம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். மஜித் மஜீதியின் 'சில்ரன் ஒஃப் ஹெவன்' (1997) படத்தை அவவுக்குக் காட்ட வேணும் எண்டு நானும் மச்சாளும் ஒரு பள்ளி விடுமுறை முழுக்க இருந்து தமிழில் சப்டைட்டில் எழுதினம். கொம்பியூட்டரில் வடிவா ஓடிச்சுது. அதைப் பென் டிரைவில் போட்டு ஹோலில் இருந்த டிவிடி பிளேயரில் குத்தினால், தலையில் சாய்கோடு விழுந்த ஒரு ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் ஒரு 'ஆர்'உம் மாறிமாறி ஓடிச்சுது. "இது என்ன பாசை பிள்ளை?" எண்டு அம்மம்மா கேட்டா.

ஏன் அப்பிடி வந்தது எண்டு தேடப்போய்க் கிடைத்த கதைதான் இது.

1996இல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தபோது சப்டைட்டில் எழுத்தாக இருக்கவில்லை, படமாக இருந்தது. ஒவ்வொரு வசனமும் நாலே நாலு நிறத்தில் கீறின ஒரு சின்னப் படம். வீடியோவுக்கு மேலே அதை வைத்துக் காட்டுவதுதான் பிளேயரின் வேலை. இப்படி 32 வரிசைகள் வரை ஒரு தட்டில் வைக்கலாம். பிளேயருக்கு எந்த மொழியும் தெரியத் தேவையில்லை. தமிழோ சிங்களமோ, கீறிக் குடுத்தால் காட்டும்.

பிறகு 'சப்ரிப்' எண்ட மென்பொருள் வந்தது. டிவிடியில் இருக்கும் அந்தப் படங்களைப் பார்த்து, "இது என்ன எழுத்து?" எண்டு எங்களிட்டயே கேட்டு, பழகி, எழுத்தாக மாற்றித் தரும். அதிலிருந்து வந்ததுதான் எஸ்ஆர்டி கோப்பு. ஒரு வரிசை எண், தொடங்கும் முடியும் நேரம், வசனம். அவ்வளவுதான். நோட்பாடில் திறந்து ஆரும் திருத்தலாம். எங்களைப் போல ஆக்கள் வீட்டில் இருந்து மொழிபெயர்க்க முடிந்தது இதால்தான்.

2003 அளவில் டென்மார்க்கின் 'கிஸ்' நிறுவனம் டிவெக்ஸ் படங்களை ஓட்டும் பிளேயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணினி இல்லாமல் எழுத்துச் சப்டைட்டிலை ரீவியில் பார்க்கலாம் எண்ட நிலை வந்தது. அதிலும் ஒரு சண்டை. ஹங்கேரியில் தொடங்கின 'எம்பிளேயர்' எண்ட கட்டற்ற மென்பொருளை எழுதினவை, தங்கட சப்டைட்டில் வாசிக்கும் நிரலைக் கிஸ் எடுத்துப் பாவிக்குது எண்டு 2004 ஜனவரியில் குற்றம் சாட்டினார்கள். எம்பிளேயருக்கே உரிய ஒரு சப்டைட்டில் வகை கிஸ் பிளேயரிலும் இருந்தது அவர்கள் காட்டின சான்றுகளில் ஒன்று. நிறுவனம் மறுத்தது. படத்தை விடுங்கோ, அடியில் ஓடுற ரெண்டு வரிக்கு இவ்வளவு பெறுமதி!

ஆனால் படம் எழுத்தான கையோடு, எழுத்துகளைப் பிளேயரே கீற வேண்டி வந்தது. எங்கட பிளேயரின் மெனுவில் இருந்தவை மேற்கு ஐரோப்பா, மத்திய ஐரோப்பா, கிரேக்கம், சிரிலிக். யூடிஎஃப்-8 கோப்பில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பிளேயரோ ஒரு பைட்டை ஒரு எழுத்தாக எண்ணுது. எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றுதான். அதுதான் அந்தச் சாய்கோட்டு 'ஏ'. இனி 'கொ' எண்டு எழுதக் கொம்பை முன்னுக்கும் அரவைப் பின்னுக்கும் வைக்க வேணும் எண்டு அந்தச் சின்னப் பெட்டிக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?

பாமினியில் அடிச்சுப் பாப்பம் எண்டாள் மச்சாள். பாமினி எழுத்துரு பிளேயருக்குள் இல்லை. 'அம்மா'வுக்குப் பதிலாக எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு வந்தது.

கடைசியில் பழைய வழிக்கே திரும்பினம். வசனங்களைக் கணினியில் படமாகக் கீறி, வீடியோவோட சேர்த்து, இரவு முழுக்க ஓடவிட்டு ஒரு தட்டில் எழுதினம். அடுத்தநாள் அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப்படமும் பாத்தா. முடிஞ்ச பிறகு, "எழுத்தைக் கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்" எண்டா.

படத்தோட ஒட்டினபடியால் ரிமோட்டில் பெரிசாக்க வழியில்லை. அண்டு இரவும் கொம்பியூட்டர் விடியவிடிய ஓடிச்சுது.